அப்பாவின் துப்பாக்கியும் மாமனார் துப்பாக்கியும்

டிசம்பர் 1, வியாழன்

பழம் பறிக்கப் பதினொரு பேர் வந்தார்கள். களத்தில் நேற்றைய காபி காய்கிறது. மேற்கே மேகம் கூடியதால் தார்ப்பாயை எடுத்து வைக்கச் சொன்னேன். பத்தரை மணிக்கு ஸ்டேஷனிலிருந்து ஏட்டு பவுன்ராஜ் போன் செய்தார்.

"சார், உங்க துப்பாக்கி லைசென்ஸு இந்த மாசக் கடைசியோட முடியுது."

"தெரியும் ஏட்டய்யா. விண்ணப்பம் எழுதி வச்சிட்டேன்."

"அதுல மூணு ஆயுதம் இருக்கு சார். இப்ப ஒரு ஆளுக்கு ரெண்டுதான். ஒண்ண வித்துருங்க. லைசென்ஸ் உள்ளவங்களுக்கோ, கடைக்கோ விக்கலாம். முடியலன்னா நம்மகிட்ட ஒப்படைச்சிருங்க."

"உங்ககிட்ட குடுத்தா என்ன செய்வீங்க?"

"உருக்கிருவாங்க சார்" என்றார், ஏதோ வெல்லப்பாகு காய்ச்சுவது போல.

மூன்றில் ஒன்று இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி. பன்றி வருகிற தோட்டத்தில் அதைக் கொடுக்க முடியாது. ஆகவே இரண்டு ரிவால்வர்களில் ஒன்று போக வேண்டும். எது என்பதை நான் நடுநிலையோடு முடிவு செய்வேன். இருபத்திரண்டு வருஷம் மலைக்காபி விவசாயிகள் சங்கத்தின் செயலாளராக இருந்தவன் நான். என்மேல் ஒருமுறைகூடப் பாரபட்சக் குற்றச்சாட்டு எழுந்ததில்லை. ஒருமுறை எழுந்தது. அது உரம் சம்பந்தப்பட்டது.

டிசம்பர் 2, வெள்ளி

இரண்டையும் மேஜைமேல் துணி விரித்து வைத்து எண்ணெய் போட்டேன்.

ஒன்று அப்பாவுடையது, இங்கிலாந்தில் செய்தது. இந்தத் தோட்டத்தை அப்பாவுக்கு விற்றுவிட்டுக் கப்பலேறிய துரை, இதையும் கையோடு விற்றுவிட்டுப் போனாராம். நடுவில் மடங்கித் திறக்கும். ஒரு கிலோவுக்கு மேல் கனம். மற்றது என் மாமனார் பலராமனுடையது, அமெரிக்கச் சரக்கு. தோட்டா போடும் உருளை பக்கவாட்டில் வெளியே வரும். அவருக்கு நாகரத்தினம் ஒரே பெண். படுக்கையில் விழுந்த வருஷம், "மாப்பிள்ளை கையில இருக்கட்டும்" என்று என் பேருக்கு எழுதிக் கொடுத்தார். இரண்டுமே பெரிய வாய். சுண்டுவிரல் நுனி உள்ளே போகும்.

அழகில் அப்பாவுடையதுதான் உசத்தி. இது பாரபட்சம் இல்லை, பார்த்தால் தெரியும். உதாரணமாக, மாமனார் துப்பாக்கியில், விசையை இழுத்தால் அடிக்கிற குதிரைக்கு, தோட்டாவைப் போய்க் குத்துகிற மூக்கு இருக்கிறதே, அது கிளி மூக்குப் போல நீட்டிக்கொண்டிருக்கும். அப்பாவுடையதில் அது மழமழவென்று அடக்கமாக இருக்கும். இங்கிலாந்துக்காரன் எதையும் வெளியே காட்டிக்கொள்ள மாட்டான்.

நாகரத்தினத்திடம் கேட்டேன். "எத விக்கலாம்னு நினைக்கிற?"

"உங்க இஷ்டங்க" என்றாள்.

கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் அவள் இப்படிச் சொன்னது நான்கு தடவை. முதல் மூன்று தடவையும் என் இஷ்டப்படி நடக்கவில்லை.

டிசம்பர் 4, ஞாயிறு

வேதவல்லி அக்கா வத்தலக்குண்டிலிருந்து போன் செய்தாள். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நான் "ஹலோ" சொல்லும் முன்பே ஆரம்பித்தாள்.

"தம்பி, அப்பா துப்பாக்கிய விக்கப் போறியாமே?"

"ரெண்டுல ஒண்ணுக்கா. இன்னும் முடிவு பண்ணல."

"இதுல முடிவு பண்ண என்ன இருக்கு? நாகுவோட அப்பாதான் போய்ச் சேந்துட்டாரே!"

"நம்ம அப்பாவும்தான் போய்ச் சேந்துட்டாரு."

"நான் பொறப்பட்டு வர்றேன்" என்று வைத்துவிட்டாள்.

டிசம்பர் 6, செவ்வாய்

பம்ப் மோட்டாரில் மறுபடி சுருள் எரிந்துவிட்டது. அக்கா வந்துவிட்டாள். பை இரண்டு, மாத்திரை டப்பா ஒன்று, தலையணை ஒன்று. வந்ததும் இரும்பு பீரோவைத் திறந்து காட்டச் சொன்னாள். அப்பா துப்பாக்கியைப் பார்த்தாள். தொடவில்லை. எழுபத்திரண்டு வயதில் அந்த இரும்பை அவள் பார்த்த பார்வை, பக்தி என்றுதான் நினைக்கிறேன்.

பீரோ சாவியைக் கேட்டாள். லைசென்ஸ் உள்ளவன் கையில்தான் சாவி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அதனால் பீரோ இருக்கும் அறையில் படுத்துக்கொண்டாள்.

டிசம்பர் 7, புதன்

மதியம் சாப்பிடும்போது அக்கா என்னைச் சிறுத்தைக் கதை சொல்லச் சொன்னாள். நாகரத்தினத்துக்கு அந்தத் துப்பாக்கியின் அருமை தெரியட்டும் என்று அவள் நோக்கம்.

சுருக்கமாகச் சொன்னேன். எங்களுக்குக் கல்யாணமான வருஷம். பொழுது சாயும் நேரம். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் சிறுத்தை. நான் அப்பா துப்பாக்கியோடு போகிறேன். இருபது அடி தூரம். அது என்னைப் பார்க்கிறது, நான் அதைப் பார்க்கிறேன். ஒரே வெடி. வேண்டுமென்றே தலைக்கு மேலே. அது பள்ளத்தில் பாய்ந்தது. அத்தோடு சரி.

"அப்பா ரத்தம்டா!" என்றாள் அக்கா. அப்பாவும் இதே துப்பாக்கியோடு, மரம் வெட்ட வந்த ஏழு திருடர்களை வாசலில் நின்று ஓட ஓட விரட்டியவர். அது அறுபத்து மூன்றாம் வருஷம். இந்த மலையில் எல்லோருக்கும் தெரியும்.

நாகரத்தினம் எனக்கு ரசம் ஊற்றினாள். "போன தடவ சொல்றப்ப பதினஞ்சு அடியா இருந்துச்சு" என்றாள்.

டிசம்பர் 9, வெள்ளி

ஏட்டு தோட்டா இருப்பையும் எழுதித் தரச் சொல்லியிருந்தார். எண்ணினேன். அப்பா துப்பாக்கிக்கு ஆறு. சரியாக இருக்கிறது. மாமனாருடையதற்குப் புத்தகப்படி பதினான்கு இருக்க வேண்டும். பதினொன்றுதான் இருக்கிறது. மூன்று முறை எண்ணினேன்.

"மூணு தோட்டா கொறையுது நாகு."

அவள் களத்திலிருந்து வந்த காபியில் கறுப்புக் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "எலி இழுத்துட்டுப் போயிருக்கும்."

"ஈயத்தையா?"

"மலை எலிங்க."

அப்புறம் அவளே சொன்னாள். "நடுநிலையா முடிவு பண்ணணும்னீங்கள்ல? ரெண்டையும் எடுத்துக்கிட்டு மதுரை ரைபிள் கிளப்புக்குப் போவோம். சுட்டுப் பாத்தாத் தெரிஞ்சிட்டுப் போகுது. நல்லாச் சுடறத வச்சுக்கிட்டு இன்னொண்ண வித்துருவோம்."

அக்கா உடனே வேண்டாம் என்றாள். நான் இருமினேன். இரண்டு நாளாகத் தொண்டை சரியில்லை.

டிசம்பர் 10, சனி

இருமல். மதுரைப் பயணம் தள்ளிப் போகலாம்.

டிசம்பர் 11, ஞாயிறு

இருமல். நாகரத்தினம் ஆடாதோடைக் கஷாயம் கொடுத்தாள். இவ்வளவு கசப்பாக ஒரு பொருளைக் கடவுள் ஏன் படைத்தார் என்று தெரியவில்லை.

டிசம்பர் 12, திங்கள்

இருமல் நின்றுவிட்டது.

டிசம்பர் 15, வியாழன்

நீளமாக எழுத வேண்டிய நாள். எழுதுவதா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

காலை ஆறு மணிக்கு ஜீப்பில் இறங்கினோம். நான் ஓட்ட, நாகரத்தினம் பக்கத்தில். அக்கா பின்னால், துப்பாக்கிப் பெட்டிமேல் கையை வைத்தபடி. பதினெட்டு கொண்டை ஊசி வளைவிலும் அவள் கையை எடுக்கவில்லை.

சுடுதளத்தில் அற்புதராஜ் காத்திருந்தார். மதுரையில் துப்பாக்கிக் கடை வைத்திருப்பவர், கிளப்பில் சுடுதளப் பொறுப்பும் அவருக்குத்தான். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "நல்ல யோசனை சார். எது ஜெயிக்குதோ அது வீட்டுக்கு. தோத்தது என் கடைக்கு" என்று சிரித்தார்.

முதலில் மாமனாருடையது. நான் இரண்டு சுட்டேன். முதல் குண்டு மணல் மூட்டையில் பட்டது. இரண்டாவது, பக்கத்துத் தடத்தின் எண் பலகையில் பட்டது. மூன்று என்ற எண்ணின் நடுவில். அந்த எண்ணைக் குறி வைத்திருந்தால் பாராட்டியிருப்பார்கள். காற்று இருந்தது. துப்பாக்கியும் கழுதை போல உதைத்தது. என் தொப்பி பின்னால் விழுந்து அக்கா மடியில் போய் உட்கார்ந்தது.

"நான் ஒண்ணு சுட்டுப் பாக்கட்டுமா அண்ணே?" என்று நாகரத்தினம் அற்புதராஜிடம் கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை.

உறுப்பினரின் மனைவி, பொறுப்பாளர் கூட நின்றால் சுடலாம் என்றார் அவர். அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். காலை அகட்டி வைத்து இரண்டு கையாலும் பிடித்தாள். எங்கே கற்றாள் என்று யோசிப்பதற்குள் இரண்டு வெடி. அற்புதராஜ் குறி அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். நடுக்கறுப்பில் இரண்டு ஓட்டை. ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு.

காற்று அப்போது நின்றிருந்தது என்று நினைக்கிறேன்.

அடுத்தது அப்பாவுடையது. அக்கா எழுந்து நின்றாள். "தம்பி, பழைய சாமான்டா, சும்மா விட்ரு. கைகிய்யி போயிரும்" என்றாள். நானும் அதையே சொல்ல நினைத்தேன். நாகரத்தினம், "மதினி, சிறுத்தைய வெரட்டுன கை, ஒண்ணும் ஆகாது" என்றாள்.

ஆறு தோட்டா போட்டேன். அட்டையைப் பார்த்து விசையை இழுத்தேன்.

டிக்.

"தோட்டா பழசு" என்றேன். மறுபடி இழுத்தேன். டிக். மறுபடி. டிக். ஆறும் டிக். பக்கத்துத் தடத்தில் கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் ஏர் ரைபிளை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

அற்புதராஜ் துப்பாக்கியை வாங்கித் திறந்தார். தோட்டாக்களைக் கையில் கொட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு லென்ஸ் வைத்துக் குதிரையைப் பார்த்தார்.

"சார், தோட்டா மேல ஒரு கீறல்கூட விழல. குதிரை மூக்க யாரோ அரத்தால ராவியிருக்காங்க. மழமழன்னு, நேர்த்தியா."

"இங்கிலீஷ் பாணி இல்லையா அது?"

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இல்ல சார்."

"எப்ப ராவினது அண்ணே?" இது நாகரத்தினம்.

"துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறியிருக்கிறதப் பாத்தா அம்பது அறுபது வருஷம் இருக்கும்மா. அதுக்கப்புறம் இது வெடிச்சிருக்க வாய்ப்பே இல்ல."

பிறகு நாங்கள் டீ குடித்தோம். கிளப்பில் டீ நன்றாக இருந்தது. இஞ்சி போட்டிருந்தார்கள்.

அற்புதராஜ் விவரம் சொன்னார். மாமனாருடையதை இன்றைக்கே எடுத்துக்கொள்ளத் தயார். இப்படிச் சுடுகிற ரிவால்வர் கிடைப்பது அபூர்வம். அப்பாவுடையதை அவர் வாங்க மாட்டார். அதற்கு உதிரி பாகம் கிடையாது, வெடிக்காத துப்பாக்கியை யாரும் கேட்டு வரப்போவதும் இல்லை. ஸ்டேஷனில் கொடுத்துவிட வேண்டியதுதான்.

வத்தலக்குண்டு தாண்டி ஜீப் மலை ஏறியது. மூன்றாவது வளைவில் நாகரத்தினம் வாய் திறந்தாள்.

"ஏங்க. அந்தச் சிறுத்தை."

"ம்."

"அன்னைக்கு நான் அடுப்படியிலதான் இருந்தேன். கொட்டகை முப்பதடி தூரம். வெடிச் சத்தமே கேக்கல. புதுசாக் கல்யாணமான பொண்ணு, ஏன் கேட்டுக்கிட்டுன்னு விட்டுட்டேன். அது என்ன சத்தம் கேட்டு ஓடுச்சு?"

நான் கியர் மாற்றினேன். "டிக்."

"அதுக்கா ஓடுச்சு?"

"ஓடல" என்றேன். "நடந்து போச்சு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த ஆறு வளைவு வரை அவள் தோள் குலுங்கியது. சாலை மோசம்தான், ஆனால் அந்த அளவு மோசமில்லை.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தாள்.

டிசம்பர் 16, வெள்ளி

காலையில் அக்கா காபி குடிக்க வரவில்லை. போய்ப் பார்த்தேன். பீரோவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி, ராவினது யாருன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "அம்மாதான்."

எனக்கு அப்போது நான்கு வயது. அக்காவுக்கு ஒன்பது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் எல்லைத் தகராறு. ஒரு நாள் வேலிக்கல்லை யாரோ பிடுங்கிப் போட, அப்பா துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சித்தப்பா நெஞ்சில் வைத்துவிட்டாராம். நான்கு பேர் இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். மறுநாள் அப்பா குளிக்கப் போன நேரத்தில் அம்மா துப்பாக்கியை மடியில் கட்டிக்கொண்டு, அக்காவைக் கையில் பிடித்துக்கொண்டு, பழம் அரைக்கிற ஷெட்டுக்குப் போயிருக்கிறாள். அங்கே மெஷின் பார்க்கிற ஆசாரி, ஐயா என்னைக் கொன்றுவிடுவார் என்று கையெடுத்துக் கும்பிட்டாராம். "அரத்த இப்பிடிக் குடு" என்று வாங்கி, அம்மாவே ராவியிருக்கிறாள்.

"வாசல்ல யாரும் வராங்களான்னு பாத்துக்கிட்டு நின்னது நான்தாண்டா. பித்தளைக் குடத்தப் பளபளப்பாத் தேய்க்கிற மாதிரி தேச்சா. தேச்சு முடிச்சு, ஊதிப் பாத்து, 'இனிமே யாரு நெஞ்சுல வச்சாலும் பரவாயில்ல'ன்னா."

"அப்ப அந்த ஏழு திருடனுங்க?"

"அப்பா வாசல்ல நின்னு 'சுட்டுருவேன்'னு கத்துறாரு. அம்மா பின்னால நின்னு வேர்த்து ஊத்துறா. திருடனுக்குப் பயந்துட்டான்னு ஊரு நெனச்சுச்சு. அவளுக்குல்ல தெரியும் அது வெடிக்காதுன்னு! நல்லவேள, அவங்க ஓடிட்டாங்க."

ஊருக்குத் தெரிந்தால் அப்பாவைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று பயந்துதான் அக்கா அறுபது வருஷம் வாயைத் திறக்கவில்லையாம். கடைக்காரன் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்றுதான் விற்கக் கூடாது என்று ஓடி வந்திருக்கிறாள். நான் பக்தி என்று எழுதியதை அழித்துவிடலாம். பேனா மை அழியாது என்பதால் விடுகிறேன்.

"அப்பாவுக்குத் தெரியவே தெரியாதாக்கா?"

"கடைசியில ஒரு நா துடைச்சுக்கிட்டு இருந்தாரு. கிட்டப் போனேன். குதிரைய வெரலால தடவிக்கிட்டே, 'உங்கம்மா கெட்டிக்காரிடி'ன்னாரு. அவ்வளவுதான். எப்பத் தெரிஞ்சுதுன்னு நான் கேட்டுக்கல."

பகல் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்ற அன்றைக்கே அவருக்குத் தெரியுமா? தெரிந்தே ஏழு பேருக்கு எதிரில் நின்றாரா? எனக்கு இதற்கு விடை கிடைக்கப் போவதில்லை.

மோட்டார் வந்துவிட்டது. தண்ணீர் ஏறுகிறது.

டிசம்பர் 18, ஞாயிறு

நடுநிலையோடு யோசித்து முடிவு செய்துவிட்டேன். மாமனாருடையதை அற்புதராஜுக்கு விற்றுவிடலாம். அதற்கு ஆள் இருக்கிறது. அப்பாவுடையதை யாரும் வாங்கமாட்டார்கள், ஸ்டேஷனில் கொடுத்தால் உருக்கிவிடுவார்கள். அம்மா கை பட்ட பொருள். அதுவும் நம்மிடம் இருந்தால் யாருக்கும் ஆபத்தில்லை. நியாயம் தெளிவாக இருக்கிறது.

நாகரத்தினத்திடம் சொன்னேன். "சரிங்க" என்றாள். இன்றைக்கு "உங்க இஷ்டம்"கூட இல்லை. காபி கொட்டை பொறுக்கப் போய்விட்டாள். மதியச் சாப்பாட்டில் எல்லாம் இருந்தது, உப்பும் சரியாக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மூன்று மணிக்குக் களத்துக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்த மூணு தோட்டா" என்றேன்.

"எலிதான்னேனே."

"அந்த எலி எங்க சுடக் கத்துக்கிச்சு?"

கொஞ்ச நேரம் கொட்டையை அளைந்தாள். "அப்பா சொல்லிக் குடுத்தாரு. பத்து வயசுலேயே. எங்க வீட்டுல என்னைவிட அதத் தொட்டவங்க யாரும் கெடையாது. சாகப் போறப்ப உங்க பேருக்கு எழுதுனாரு. பொம்பளப் புள்ளைக்கு எதுக்குன்னு."

"தோட்டா?"

"நீங்க சங்கத்து மீட்டிங்குன்னு, பீரோ சாவிய எங்கிட்ட குடுத்துட்டு பெங்களூர் போவீங்கள்ல. பன்னிக் கூட்டம் நாத்தங்கால்ல பூந்துச்சு. வேட்டைத் துப்பாக்கி எனக்குத் தூக்க முடியாது. வானத்தப் பாத்து ஒண்ணு. ஓடிருச்சு. மூணு தடவ போனீங்க, மூணு தோட்டா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க வந்ததும் வேலியப் பாத்துட்டு, 'நான் இருக்கிற தோட்டம்னு பன்னிக்கே தெரிஞ்சிருக்கு'ன்னு சொன்னீங்க. சந்தோஷமா இருந்தீங்க."

நானும் கொட்டை பொறுக்கினேன். நல்லதையும் கறுப்பையும் மாற்றிப் போட்டேன் என்று என்னை எழுப்பிவிட்டாள்.

டிசம்பர் 19, திங்கள்

முடிவை மாற்றிவிட்டேன். அப்பாவுடையது போகும். வாங்க ஆளில்லை என்றால் ஸ்டேஷனுக்கே போகட்டும். காலையில் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். நாகரத்தினம் என் டம்ளரை எடுத்துக்கொண்டு போய், கேட்காமலேயே இன்னொரு காபி போட்டுக்கொண்டு வந்தாள். டாக்டர் எனக்கு ஒன்றுதான் அனுமதித்திருக்கிறார்.

டிசம்பர் 20, செவ்வாய்

அக்கா என்னோடு பேசவில்லை. நாகரத்தினம் வழியாகப் பேசுகிறாள். "அவன்கிட்ட உப்ப நகத்தச் சொல்லு" என்றாள். உப்பு என் கைக்கும் அவள் கைக்கும் நடுவில் இருந்தது.

டிசம்பர் 21, புதன்

அற்புதராஜ் போன் செய்தார். குரலில் சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"சார், ஒரு பார்ட்டி வந்திருக்காங்க. ரிட்டயர்டு பல் டாக்டர், சந்தானகோபாலன்னு பேரு. நாலு வருஷம் அலைஞ்சு லைசென்ஸ் வாங்கிட்டாரு. துப்பாக்கி வாங்க வீட்டம்மா விட மாட்டேங்கறாங்க. இந்த மாசத்துக்குள்ள வாங்கலன்னா லைசென்ஸே போயிரும். அந்தம்மா ஒரே ஒரு கண்டிஷன்ல சரின்னுட்டாங்க."

"என்ன கண்டிஷன்?"

"வெடிக்கக் கூடாதாம் சார்."

டிசம்பர் 23, வெள்ளி

வந்தார்கள். அற்புதராஜும் கூட. டாக்டர் உயரம், மீசை, வேட்டைக்காரர் அணிவது போன்ற பல பை வைத்த சட்டை. அவர் மனைவி மைதிலி அம்மாளுக்கு அவருடைய தோள் உயரம்தான். மலை வளைவில் வாந்தி எடுத்திருந்தார். எலுமிச்சம் சாறு குடித்துத் தெளிந்ததும் முதல் கேள்வி: "நிச்சயமா வெடிக்காதே?"

"வெடிக்காதுங்க" என்றேன். நாற்பது வருஷத்தில் இதை வெளியாளிடம் சொல்வது முதல் தடவை. நாகரத்தினம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் துப்பாக்கியைத் தூக்கிக் கண்ணாடி முன்னால் நின்று மூன்று விதமாகப் பிடித்துப் பார்த்தார். "பாக்கிறவனுக்கு வெடிக்கும்னு தோணும்ல?" என்று கேட்டார்.

"ஏழு பேருக்குத் தோணியிருக்கு" என்றேன்.

மைதிலி அம்மாள் அதை வாங்கி, சுவர்ப் பக்கம் திருப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு விசையை இழுத்தார். டிக். ஒரு கண்ணைத் திறந்தார். மறுபடி இழுத்தார். டிக். அப்புறம் டிக், டிக், டிக் என்று இழுத்துக்கொண்டே சிரித்தார். நிறுத்த முடியவில்லை. "எவ்வளவு கோவக்காரர் தெரியுமா இவர்? டிராஃபிக்ல ஒருத்தன் ஹாரன் அடிச்சான்னு இறங்கிப் போயிட்டார். இவர் கையில நிஜத் துப்பாக்கி இருந்தா நான் தினம் தினம் ஜெயிலுக்குச் சாப்பாடு கொண்டு போகணும்." துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தார். "யார் இப்படிப் பண்ணிக் குடுத்தது? அவங்களுக்குக் கோயில் கட்டணும்."

உள் அறைக் கதவு திறந்தது. நான்கு நாளாக மூடிய முகத்தோடு இருந்த அக்கா வந்து நின்றாள்.

"எங்கம்மா" என்றாள். "பேரு சிங்காரம்மா. அவளே அரம் பிடிச்சு ராவினா. நான்தான் காவலுக்கு நின்னேன்."

அப்புறம் மைதிலி அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, வேலிக்கல்லில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். ஊர் சிரிக்கும் என்று அறுபது வருஷம் பூட்டி வைத்ததை ஒன்று விடாமல் கொட்டினாள். ஏழு திருடர் கட்டம் வந்தபோது மைதிலி அம்மாள் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். யாரும் அப்பாவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. டாக்டர்தான் மெல்லக் கேட்டார்: "அப்ப அவருக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்னுதான் நான் நினைச்சுக்கிறேன்" என்றாள் அக்கா. "நீங்களும் அப்பிடியே நினைச்சுக்கங்க."

அற்புதராஜ் படிவங்களில் கையெழுத்து வாங்கினார். போகும்போது அக்காவே பெட்டியை எடுத்து மைதிலி அம்மாள் கையில் கொடுத்தாள். டாக்டர் கையில் கொடுக்கவில்லை.

டிசம்பர் 26, திங்கள்

ஏட்டு லைசென்ஸில் எழுதிக்கொண்டார். இரட்டைக்குழல் ஒன்று, ரிவால்வர் ஒன்று. அவரிடம் ஒரு விஷயம் கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "மேடம் பேருக்கா சார்?" என்று இரண்டு தடவை கேட்டார். விண்ணப்பிக்கலாம், ஆனால் ஒரு வருஷம்கூட ஆகலாம், கலெக்டர் மறுக்கவும் செய்யலாம் என்றார். படிவம் வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் சொன்னதும் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "இத மொதல்லயே செஞ்சிருந்தா அப்பா துப்பாக்கிய விக்காமலே இருந்திருக்கலாமேடா!" ஒரு வருஷம் ஆகும், கெடு ஐந்து நாளில் முடிகிறது என்று விளக்கினேன். அவள் கேட்கவில்லை. ஆனால் என்னிடம் நேரடியாகத் திட்டினாள். அது போதும்.

டிசம்பர் 28, புதன்

அக்காவை வத்தலக்குண்டில் விட்டுவிட்டு வந்தேன். மைதிலி அம்மாள் தினமும் போன் செய்கிறாராம். டாக்டர் துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் பேப்பர் படிக்கிறாராம்.

டிசம்பர் 30, வெள்ளி

கடைசிப் பறிப்பு முடிந்தது. களம் காலி.

மதியம் நாகரத்தினம் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை நிரப்ப உட்கார்ந்தாள். பெயர், வயது, தந்தை பெயர். பலராமன் என்று எழுதும்போது கொஞ்சம் நிறுத்தினாள். மாமனார் துப்பாக்கியை அவள் பேருக்கு மாற்ற எனக்குச் சம்மதம் என்று தனித்தாளில் நான் எழுதி வைத்திருந்தேன். அதைப் படித்துவிட்டு மடித்து உள்ளே வைத்தாள். எதுவும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்தேன்.

'ஆயுதம் தேவைப்படும் காரணம்' என்ற கட்டத்துக்கு மட்டும் வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். பேனா முனையைக் கடித்தாள். என்னைப் பார்த்தாள். எழுதினாள். சங்கத்தில் இருபத்திரண்டு வருஷம் மனு எழுதியவன் என்பதால் பிழை திருத்தித் தருகிறேன் என்று வாங்கினேன்.

'எங்கள் தோட்டத்தில் காட்டுப்பன்றித் தொல்லை அதிகம். என் கணவரிடம் துப்பாக்கி இருக்கிறது. ஆனாலும் தேவைப்படுகிறது.'

இரண்டு தடவை படித்தேன். எழுத்துப் பிழை இல்லை. சந்திப் பிழை இல்லை. சொன்ன விஷயத்திலும் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை.

"சாட்சிக் கையெழுத்து வேணுமாம்" என்று கட்டத்தைக் காட்டினாள்.

இனிஷியலோடு நிறுத்தாமல், முழுப் பேரையும் எழுதிப் போட்டேன்.